மஞ்சள் பையில் போன காப்பு

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மலேசியாவில் கெடா மாநிலத்தின் தெற்கில் ஒரு மருத்துவமனையில், ஆண்கள் வார்டில் நான் தாதியாக இருந்தபோது நடந்தது. திங்கட்கிழமை காலை. ஆறு பேர் செய்யவேண்டிய வேலைக்கு மூன்று பேர் இருந்தோம். என் பொறுமை எந்த நிலைமையில் இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பண்டார் பாரு பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓர் அண்ணனைக் கொண்டுவந்தார்கள். இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய்க்காரர். திருவிழாவுக்குப் பால்குடம் எடுக்க விரதமிருந்து, செருப்பில்லாமல் நடந்து, காலில் ஆணி குத்தியதை ஒரு வாரம் மறைத்து வைத்திருக்கிறார். கால் கட்டைவிரல் கறுத்துவிட்டது. உடனே எடுத்தால் விரலோடு போகும், தள்ளிப்போட்டால் பாதமே போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஊசி போடக் கையைப் பிடித்தால், மணிக்கட்டில் மஞ்சள் துண்டு கட்டிய காப்புக் கயிறு. நனைந்து அழுக்கேறி இருந்தது. வெட்டப்போகிறேன் என்றேன்.

"வேணாம் மிஸ்ஸி," என்றார்.

"சாமியெல்லாம் கோவிச்சுக்காதுலா அண்ணே," என்று சொல்லிக்கொண்டே வெட்டி, ரத்தப் பஞ்சு போடுகிற மஞ்சள் பையில் போட்டுவிட்டேன். அடுத்த கட்டிலுக்கும் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு அந்த மனிதர் வாயைத் திறக்கவில்லை. சாப்பாடு அப்படியே திரும்பியது. அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்துக் கேட்டால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். டாக்டர் இரண்டு முறை வந்து போனார். நான் கெஞ்சினேன், மிரட்டினேன், பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள் என்று வசனமெல்லாம் பேசினேன். ஒன்றும் நடக்கவில்லை. இப்படி ஒரு பிடிவாதக்காரரை என் தலையில் கட்டிவிட்டார்களே என்று எரிச்சல் எரிச்சலாக வந்தது.

மதியம் என்னோடு வேலை செய்யும் மலாய்க்காரத் தோழி அவர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அந்தக் கயிறு எதற்கு என்று மலாயில் கேட்டிருக்கிறாள். அவ்வளவுதான். மனிதர் உடைந்து அழுதுவிட்டார். மகளுக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்கவில்லையாம். இப்போது எட்டாம் மாதம். அவளுக்காக நேர்ந்து கட்டிய காப்பு, நேர்த்தி முடியுமுன்பே பாதியில் அறுந்துவிட்டது, இனி மகளுக்கு என்ன ஆகுமோ என்ற பயத்தில், அவளுக்குப் பதிலாகத் தன் காலாவது போகட்டும் என்று கிடந்திருக்கிறார்.

கோயில், காப்பு, நேர்த்தி எல்லாம் தெரிந்த வீட்டில் பிறந்தவள் நான். அந்த மலாய்த் தோழியிடம் போய்த் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. இன்னும் கொடுமை, நோயாளியின் மனநலம், சமயத் தேவைகள் பற்றிய பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவருடைய பதிவுத்தாளில் 'சமயத் தேவைகள்' என்ற இடத்தில் 'இல்லை' என்று என் கையெழுத்தில் இருந்தது. கேட்காமலே எழுதியிருந்தேன்.

அவரிடம் எண் வாங்கித் தோட்டத்துக் கோயில் பூசாரியைக் கூப்பிட்டேன். கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். பார்வையாளர் நேரத்துக்குச் சீருடையோடே ஓடிவந்தார். யார் வெட்டியது என்று கேட்டார். நான்தான் என்றேன். திட்டுவார் என்று நின்றால், கொண்டுவந்திருந்த புதுக் காப்பு நூலின் ஒரு முனையை என் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார்.

"நேர்த்தி மனசுல இருக்கு, கயித்துல இல்ல. மகளுக்கு ஒன்னும் ஆவாது, கையெழுத்துப் போடுங்கண்ணே," என்று சொல்லி மற்றக் கையில் கட்டினார்.

அண்ணன் பேனாவைக் கேட்டார். காப்பின்மேல் பிளாஸ்டர் சுற்றி அறுவை அறைக்கு அனுப்பினோம். சுற்ற ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. காலையிலேயே அதைச் செய்திருக்கலாம். விரல் போனது, பாதம் தப்பியது. மகளுக்கும் நல்லபடியாகப் பிறந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

இன்றும் வார்டில் ஆள் பற்றாக்குறைதான், எனக்குப் பொறுமையும் கூடிவிடவில்லை. ஆனால் யாராவது 'வேணாம் மிஸ்ஸி' என்றால் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு ஏன் என்று கேட்கிறேன், பதில் வரும்வரை எரிச்சலோடாவது நிற்கிறேன்.