கடைசித் திரையில் ஒரு வரி

பழைய மடிக்கணினியை நேற்றுத் திறந்து, அதிலிருந்த ஒரு கோப்பைப் பிரித்தேன். இடப்பக்கம் அட்டவணைகளின் பெயர்கள், வலப்பக்கம் கட்டம் கட்டமாக வரிகள். மென்பொருளைக் கணினியில் ஏற்றும் நிறுவல் கோப்பை இப்படிப் பிரித்துப் பார்த்தால், உள்ளே இருப்பது ஒரு சிறு தரவுத்தளம்தான். எந்தக் கோப்பு எங்கே போக வேண்டும், எந்தத் திரையில் என்ன எழுதியிருக்க வேண்டும், எல்லாமே வரிகள். ஒன்றைத் திருத்திச் சேமித்தால் நாம் சொன்னபடி கேட்கும். பங்சாரில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் நானும் நண்பரும் பல ஆண்டுகள் செய்த வேலை இது.

அவர் கிள்ளானிலிருந்து ரயிலில் வருவார். நான் பிரிக்பீல்ட்ஸ்வாசி. என்னைவிட இளையவர், அண்ணே என்பார். எங்கள் கோப்புகள் கிளைகளில் திரை எதுவும் காட்டாமல் பின்னணியில் ஓடி முடிந்துவிடும். சோதித்துப் பார்க்கும் எங்கள் இருவர் கண்ணுக்கு மட்டுமே அந்தத் திரைகள் படும். அதனால் கடைசித் திரைக்கான வரியில் எனக்குச் செய்தி எழுதி வைப்பார். கருவிக்குத் தமிழ் எழுத்து ஒத்துவராது. ஆங்கில எழுத்தில் தமிழ். "முடிஞ்சிருச்சு அண்ணே, தே தாரிக் வாங்கிக் குடுங்க." அதை அழித்து நான் எழுதுவேன்: "சீனி ஏறிடும், வேலைய பாரு லா." கிளைகளுக்கு அனுப்புமுன் அந்த வரியைப் பழையபடி மாற்றுவது என் பொறுப்பு.

ஒரு நாள் கூட்டத்தில் மேலாளர் கண்ணயர்ந்துவிட்டார். இருக்கைக்கு வந்ததும், "பெரியவரு தூங்கியாச்சு, வா போலாம் லா" என்று எழுதினேன். தே தாரிக் தேநீர் குடித்துத் திரும்பியவன், வரியை மாற்ற மறந்து கோப்பை அனுப்பிவிட்டேன். ஒரு கிளையில், தானாக ஏறாத கணினியில் யாரோ கையால் நிறுவியிருக்கிறார்கள். திரை வந்தது, படமெடுத்து அனுப்பினார்கள். மேலாளரும் தமிழர்.

"யாரு எழுதுனது?" எங்கள் மேசைக்கே வந்து கேட்டார். என் பதவி உயர்வு அப்போது அவர் கையில் இருந்தது. நண்பருக்கும் அது தெரியும். அவர் என்னைப் பார்த்தார். நான் விசைப்பலகையைப் பார்த்தேன்.

"நான்தான் சார். சும்மா விளையாட்டுக்கு," என்றார் நண்பர்.

அவரைக் கிள்ளான் கிடங்குக்கு, பழுதான அச்சுப்பொறிகளுக்குக் காவலாக மாற்றினார்கள். "வீட்டுக்குப் பக்கம்தானே அண்ணே, இனிமே ரயிலுக்கு ஓட வேணாம்," என்று சொல்லிப் போனார். எனக்குப் பதவி உயர்வு வந்தது. அவரை அழைத்துப் பேசுவதைத் தள்ளிப்போட்டேன், தள்ளிப்போடுவதே பழக்கமாயிற்று. என் மனைவி இறந்தபோது அவர் வந்து, பின்வரிசையில் நின்றுவிட்டுப் போனார்.

போன மாதம் அவர் இறந்த செய்தி வந்தது. கிள்ளானுக்குப் போனேன். அவருடைய மகள் நாற்காலி கொண்டுவந்து போட்டாள்.

"அப்பா அந்தக் கதைய சொல்லிச் சொல்லி சிரிப்பாரு அங்கிள். பாஸ் தூங்குனத எழுதி அவரே மாட்டிக்கிட்டாராமே?"

வீட்டாரிடம்கூட அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. உண்மையைச் சொல்ல அதைவிட ஏற்ற இடம் எனக்கு இனிக் கிடைக்காது.

"ஆமாம்மா," என்றேன்.

நேற்று அந்தக் கோப்பில் என் வரி அப்படியே இருந்தது. அழித்துவிட்டு, "இத எழுதுனது நான்தான் தம்பி" என்று தட்டினேன். சேமித்து ஓட்டினேன். நிறுவலின் அளவைக் காட்டும் பட்டை மெல்ல நிரம்பிக் கடைசித் திரை வந்தது. படிக்க வீட்டில் என்னைத் தவிர யாருமில்லை. பிறகு, திரையை மூட அதிலிருந்த ஒரே பொத்தானை அழுத்தினேன்.