சிவப்புக் கோட்டுக்குக் கீழே

இன்று காலை காபி ஆற்றிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. எடுத்தேன். "தண்ணி கோட்டுக்குக் கீழ போய்க்கினு இருக்குது. மோட்டார நிறுத்துங்கப்பா, ஜல்தி!" பேசியவர் இறந்து இரண்டு வருடமாகிறது.

ஒலக்கூர்ப் பக்கம் ஐந்து குடும்பங்களுக்குப் பொதுவாக ஒரு கிணறு. ஆளுக்கு ஒரு நாள் முறை. சுவரில் அடித்த சிவப்புக் கோட்டுக்குக் கீழே தண்ணீர் இறங்கினால் மறுநாள் முறைக்காரருக்கு ஒன்றும் மிஞ்சாது. இறங்கும்போது போன் போட்டுச் சொல்லும் கருவியை, வியட்நாமிலிருந்து வந்த ஒரு பொறியாளரோடு சேர்ந்து கிணற்றில் பொருத்தினோம். திண்டிவனத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வந்தவன் நான். கருவி கூப்பிடும் ஐந்து வீட்டு எண்களோடு ஆறாவதாக என் எண்ணையும் சேர்த்துக்கொண்டேன். முதலில் வைத்த இயந்திரக் குரலை ஒருவரும் மதிக்கவில்லை. "இங்கே யார் சொன்னால் கேட்பார்கள்?" என்று பொறியாளர்தான் கேட்டார். எல்லோரும் உழவர் குழுத் தலைவியம்மாவைக் கைகாட்டினார்கள். எச்சரிக்கையை ஒரே மூச்சில் பேசிப் பதிந்துவிட்டு, "நான் போன பின்னாடியும் இது கத்துமா சார்?" என்று சிரித்தார். கத்தும் என்றேன், பெருமையாக.

மறுவருடமே மாரடைப்பில் போய்விட்டார். அதன்பிறகு அவர் மகனின் முறை வரும்போதெல்லாம் போன் அடித்தது. "அம்மா இல்லாத தைரியம் சார், புள்ள மொத்தத்தயும் உறிஞ்சறான்" என்று மற்ற நான்கு வீட்டாரும் கொதித்தார்கள். அவர்களுடைய மல்லாட்டை, நிலக்கடலைதான், வாடத் தொடங்கியிருந்தது. அவனை நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனேன்.

அவன் நிலத்தில் கணுக்கால் வரை சேறு. செடிகள் தண்ணீர் மிஞ்சி அழுகி நின்றன. மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் கைப்பேசியை இரண்டு கையாலும் பிடித்தபடி குந்தியிருந்தான். அவன் கையிலும் என் பையிலும் ஒரே நேரத்தில் மணி அடித்தது. முழுக்கக் கேட்டான். "நிறுத்திட்றேம்மா" என்று சொல்லி எழுந்துபோய் நிறுத்தினான். நானும் அவன் பக்கத்தில் போய் நின்றேன்.

"பதிவைத் தனியா அனுப்பறேம்பா, வேணும்னும்போது கேட்டுக்க."

"அது வேணாம் சார். அது எப்பவோ பேசினது. இது இப்ப கூப்புடுது."

பாவி, நான் என்ன செய்வேன்? நான்கு வீட்டு வெள்ளாமை காய்கிறது. அன்றே அந்தக் குரலை எடுத்துவிட்டு அவனையே பேசவைத்தேன். மூன்று முறை பாதியில் நிறுத்தி, நான்காம் முறைதான் பேசி முடித்தான். கிணறு மெல்லத் தேறியது.

இப்போது ஐந்து வீட்டுக்கும் அவன் குரல்தான் போகிறது. அம்மாவின் குரலை அடியோடு அழித்துவிட்டேன் என்று அவனிடம் சத்தியம் செய்திருக்கிறேன். ஆறாவதான என் எண்ணில் மட்டும் அழிக்கவில்லை. கை வரவில்லை.

காபி ஆறிவிட்டது. வீட்டில் ஒரு குழாய்கூடத் திறந்திருக்கவில்லை. ஆனாலும் போனை வைக்குமுன் சொன்னேன்: "நிறுத்திட்டேங்கம்மா."