அரிவாள்மணை வெட்டு

சித்தப்பாவின் பழைய ஆஸ்பத்திரி ஓபி சீட்டு என்னிடம் இருக்கிறது. தேதி மங்கிவிட்டது. எனக்கு மூன்றாம் வகுப்புக் காலாண்டு விடுமுறை என்பதால் செப்டம்பர் கடைசி என்று கொள்ளலாம். ‘இடது உள்ளங்கை, அரிவாள்மணை வெட்டு’ என்று எழுதியிருக்கிறது. இடம் சரி. காரணம் தவறு.

சித்தப்பா ஒரகடத்தில் தகடு வெட்டும் தொழிற்சாலை ஒன்றில் காண்ட்ராக்ட் ஆள். அன்று முதல் ஷிஃப்ட் முடிந்து சேரப்பணஞ்சேரி வீட்டுக்கு வந்தவர் ஒரு கையில் மட்டும் கையுறையைக் கழற்றவில்லை. அம்மா அதை மெல்ல உருவினாள். உள்ளே, மெஷின் துடைக்கும் பனியன் வேஸ்டைக் காயத்தில் அடைத்து வைத்திருந்தார். இரத்தம் காய்ந்து நூலோடு ஒட்டியிருந்தது.

கம்பெனியில் முதலுதவிப் பெட்டி இல்லையா என்று அம்மா கேட்டாள்.

“கீது அண்ணி. தொறந்தா ரிஜிஸ்டர்ல எழுதணும். எழுதுனா வாசல்ல கீற போர்டு சைபராயிடும்.”

விபத்தில்லாத நாட்களை எண்ணும் பலகை அது. அடுத்த வாரம் குறித்த எண்ணைத் தொட்டால் லைனில் எல்லோருக்கும் குக்கர் பரிசு. பலகையைச் சைபராக்கிய காண்ட்ராக்ட் ஆளை அடுத்த மாதம் கூப்பிடமாட்டார்கள்.

“குக்கருக்குக் கைய குடுத்துட்டு வந்துகீறியே,” என்றாள் அம்மா.

பக்கத்துப் போர்ஷன் பெரியம்மா காயத்தில் அப்பக் காபித்தூள் கொண்டுவந்தார். அம்மா மறுக்காமல் வாங்கி அலமாரியில் வைத்தாள். மறுநாள் அதில் காபி போட்டாள். அப்போது குழாயைத் திறந்துவிட்டு, காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஒவ்வொரு நூலாக எடுத்தாள். மறுபடி கசிந்தது. துவைத்த வேட்டித் துணியை மடித்து அழுத்திப் பிடித்தாள். அது ஊறியதும் எடுக்காமல், மேலேயே இன்னொரு மடிப்பு வைத்தாள். பதில் தெரிந்த மாணவனைப் போல் சித்தப்பா கையை உயர்த்தியபடி ஆஸ்பத்திரிக்குப் போகும் ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தார். காயத்துக்குக் காரணம் கேட்டால் அரிவாள்மணை என்று சொல்வதாக முடிவானது அந்த ஆட்டோவில்தான். எனக்கும் சொல்லிக்கொடுத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டு, ஊசி குத்தி, கட்டும் கட்டினார்கள். கொஞ்ச நாளைக்குக் கைக்கு வேலை கொடுக்கக் கூடாது என்ற நர்ஸ், சீட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இந்தப் பக்கம் ஆம்பளைங்கதான் காய் நறுக்குறாங்க போல. இந்த வாரம் நீ மூணாவது ஆளுப்பா.”

சிரித்தது நான் மட்டும்தான். மீசை வைத்தவர்கள் வரிசையாகக் குந்திக் கத்தரிக்காய் நறுக்குவதாக நினைத்துக்கொண்டேன். மற்ற இருவரும் எந்தக் கம்பெனி என்று யோசிக்கும் வயதில்லை.

மறுநாள் காலையே சித்தப்பா கட்டுக்கு மேல் பெரிய கையுறையை மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ் ஏறினார். வேலை நிலைத்தது. குக்கரும் வந்தது. மோதிர விரல் மட்டும் இன்றும் முழுதாக மடங்குவதில்லை. நரம்பு தகட்டிலேயே அறுந்ததா, ஆறவிடாமல் வேலை செய்ததில் போனதா என்பது இதுவரை உறுதியாகவில்லை.