கீழேயிருந்து சொல்ல ஒரு ஆள்

வடக்குப்பட்டுக்கு நான் குடிவந்த அன்று, எதிர்வீட்டுக்காரர் கம்பெனி நீலச் சட்டையோடு, ஸ்பானரைப் பல்லில் கடித்தபடி, மாடிக்கும் கூடத்துக்குமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். டிஷ்ஷை ஒரு திருப்பு, ஓடிப்போய் டிவியை ஒரு பார்வை. காலையிலிருந்து இதே கூத்து. எல்லாவற்றுக்கும் முறை தெரிந்தவன் நான், சும்மா இருப்பேனா?

"விரலளவு திருப்பிட்டுப் பத்து விநாடி பொறுக்கணும். சிக்னல் வந்ததும் கீழேயிருந்து சொல்ல ஒரு ஆள் வேணும். வீட்டம்மாவை உட்கார வைங்களேன்."

"அவ இருந்தா நான் இன்னாத்துக்கு சார் டிவி மாட்றேன்? நேத்து பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சி எல்லாரும் போய்ட்டாங்க. வூடு கம்முனு கீது. தாங்கல."

நானே போய் டிவி முன்னால் உட்கார்ந்தேன். "வந்துடுச்சு" என்று கத்தினேன். இறங்கி வந்தவர் திரையைப் பார்க்காமல், சத்தத்தை முழுதாகக் கூட்டிவிட்டு அடுப்படிக்குப் போனார்.

கரண்ட் போய் அந்த டிவி சத்தம் நிற்கும்போதெல்லாம் எதிர்வீட்டு வாசலில் போய் நிற்கிறேன். பேச்சை எப்படித் தொடங்குவது என்ற முறைதான் தெரியவில்லை.