தொலைக்காட்சிக் காசும் ஒரு புள்ளடியும்

ஞாயிற்றுக்கிழமைகளில் என் குசினி மேசைக்குக் கடிதங்கள் வரும். கடிதங்களைத் தூக்கிக்கொண்டு ஆட்களும் வருவார்கள். நான் வுப்பர்டாலில் ஒரு வரிக் கணக்காளரின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். ஜெர்மன் மொழியில் கடிதம் எழுதத் தெரிந்த தமிழர் இந்த ஊரில் நிறையப் பேர் உண்டு. இல்லை என்று சொல்லத் தெரியாத ஆள் நான் ஒருத்திதான் போலிருக்கிறது. கூலி வாங்குவதில்லை. ரோல்ஸ், முட்டை வைத்துச் சுருட்டிப் பொரித்த மிதிவெடி, சில நேரம் ஒரு நண்டுக் கறி தருவார்கள். என் கொலஸ்ட்ரோலுக்கு இந்த நாட்டின் நிர்வாகம்தான் பொறுப்பு.

வருகிற கடிதங்களில் அரைவாசி தொலைக்காட்சிக் கட்டணம் பற்றியவை. பொது வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் என்று இங்கே எல்லா வீட்டுக்காரரும் கட்ட வேண்டிய காசு அது. நம்மவர்கள் வாடகை கட்டுவார்கள், மின்சாரம் கட்டுவார்கள், கலியாண வீட்டுக்கு இரண்டு பவுண் சங்கிலி வாங்குவார்கள், ஒரு சொல் முணுமுணுக்க மாட்டார்கள். இந்தக் காசைக் கண்டால் மட்டும் எல்லோருக்கும் ஒரு நியாயம் பிறந்துவிடும்.

கெல்சென்கிர்ச்சனில் இருந்து ஒருவர் வந்தார். வீட்டுச் சுவரில் பாதிக்குத் தொலைக்காட்சி வைத்திருப்பவர். "எங்களிட்ட டிவி இல்லை எண்டு எழுதுங்கோ" என்றார். நான் போன கிழமைதான் அவருடைய மகளின் பிறந்தநாளில் அந்தத் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து கேக் சாப்பிட்டிருந்தேன். அதைச் சொன்னேன். "அது வந்து பாக்கிற ஆக்களுக்குத்தானே வாங்கினது" என்றார். முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் மன்னார் அக்கா ஒருவர், தான் பார்ப்பது தேவாலயப் பூசை மட்டும் என்றார். "பூசைக்கும் காசு கேக்கிறது பாவமில்லையோ?" என்று என்னிடம் கேட்டார், ஏதோ நான்தான் கேட்டது போல. இன்னொருவர் வந்த கடிதங்களை எல்லாம் "இவர் இங்கே இல்லை" என்று எழுதித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். தன் பெயரையே கீழே ஒழுங்காக எழுதி, கையெழுத்தும் வைத்திருந்தார்.

ஸ்டுட்கார்ட்டில் வேலை செய்யும் தமிழ்நாட்டுப் பொறியாளர் ஒருவருக்கு யாரோ என் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்துவிட்டார்கள். "மேடம், நான் டிவியே வாங்கல. லேப்டாப்ல கிரிக்கெட் மட்டும்தான் பாப்பேன். எனக்கு ஜெர்மன் புரியாது. புரியாத சேனலுக்கு நான் ஏன் பே பண்ணணும்? லாஜிக்கே இல்லையே" என்றார். தர்க்கம் சரிதான். ஆனால் தர்க்கத்தை இணைப்பாக அனுப்ப அந்தப் படிவத்தில் இடமில்லை.

நானும் பெரிய உத்தமி இல்லை. முன்பெல்லாம் ஆட்கள் வீடு வீடாக வந்து மணி அடித்து, தொலைக்காட்சி இருக்கிறதா என்று விசாரிப்பார்கள். நான் தனியாக எடுத்த முதல் வீட்டின் வாசலில் நின்று, இல்லவே இல்லை என்று ஒருவரிடம் சத்தியம் செய்திருக்கிறேன். எனக்குப் பின்னால் வானிலை அறிக்கை ஓடிக்கொண்டிருந்தது. அவர் தலையாட்டிவிட்டு, நாளைக்கு மழையாம், குடை கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். இப்போதும் நினைத்தால் காது சுடுகிறது.

அந்தப் பொய்யெல்லாம் இப்போது எடுபடாது. சட்டம் மாறிவிட்டது. காசு தொலைக்காட்சிக்கு இல்லை, வீட்டுக்கு. ஒரு வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் ஒரு கட்டணம். தொலைக்காட்சி ஒன்று இருக்கலாம், ஒன்பது இருக்கலாம், ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். வீடு இருந்தால் காசு. இதை விளங்கப்படுத்தி விளங்கப்படுத்தி என் தொண்டை வறண்டு போயிருக்கிறது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, அப்ப ரேடியோவும் இல்லை எண்டு எழுதுங்கோ" என்பார்கள்.

நான் சொல்ல வந்த அண்ணை வேறு ஒருவர், அவர் வந்தது ஒரு புரட்டாதி ஞாயிற்றுக்கிழமை. ஐம்பத்தெட்டு வயதிருக்கும். கெல்சென்கிர்ச்சனில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அவருடைய மனைவி எனக்கு நல்ல பழக்கம். இங்கே ஒரு பாடசாலையின் மதிய உணவுக் கூடத்துக்குப் பொறுப்பாக இருப்பவர், நான் அக்கா என்றுதான் கூப்பிடுவது. வீடு வுப்பர்டாலில்தான். பிள்ளைகள் இரண்டு பேரும் படித்து முடித்து வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். போன வருடம், அதிகாலை வேலைக்குப் போய்வர ஏலாது என்று அண்ணை தொழிற்சாலைக்குக் கிட்ட ஓர் அறை எடுத்திருந்தார். சனி ஞாயிறுகளில் வீட்டுக்கு வருவார். பிறகு ஒன்றுவிட்டு ஒரு சனி ஞாயிறு. இதில் அதிசயம் ஒன்றுமில்லை. இப்படி இருக்கிற குடும்பங்கள் எனக்குப் பல தெரியும்.

கையில் ஐந்து கடிதங்கள். ஐந்தும் உடைக்கப்படாதவை.

"ஏனண்ணை உடைக்கேல்லை?"

"எங்கட வீட்டில கடிதம் உடைக்கிறது அவதானே" என்றார். "கொண்டு போய்க் குடுத்தனான். தனக்கு நேரமில்லையாம். தங்கச்சியிட்டக் கொண்டு போங்கோ எண்டு உங்களட்ட அனுப்பினவ."

உடைத்தேன். எல்லாம் அந்தக் கட்டணம்தான். முதலாவது மரியாதையாக இருந்தது. ஐந்தாவது அப்படி இல்லை.

"நான் அங்க டிவி ஒண்டும் வைச்சிருக்கேல்லை, தங்கச்சி. ஒரு கட்டில், ஒரு ரைஸ்குக்கர். நான் அங்க சீவிக்கேல்லை. படுத்தெழும்பிறன், அவ்வளவுதான். என்ரை வீடு இஞ்சைதானே" என்றார்.

எனக்கு உண்மையாகவே சந்தோசம் வந்தது. இத்தனை வருடத்தில் முதன்முறையாக ஒருவர் சொன்ன சாட்டு, சாட்டாக இல்லாமல் காரணமாக இருந்தது. குடும்பம் இருக்கிற வீட்டுக்கு ஏற்கனவே காசு போகிறது என்றால், வேலைக்காக எடுத்த இரண்டாவது வீட்டுக்குக் கட்டத் தேவையில்லை. அதற்கு விலக்கு உண்டு. அதற்கென்றே ஒரு விண்ணப்பமும் உண்டு. அக்காவின் பெயரில் வீட்டுக்குக் கட்டணம் ஒழுங்காகப் போகிறது என்பது எனக்குத் தெரியும்.

"அண்ணை, நீங்கள் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை" என்றேன். "நகரசபையில பதிஞ்ச கடதாசி இருக்கோ? வுப்பர்டால் முதல் வீடு, அது ரெண்டாவது வீடு எண்டு அதில இருக்கும். அதின்ர பிரதி ஒண்டு வைச்சு அனுப்பினால் அலுவல் முடிஞ்சுது."

"இருக்கு, இருக்கு" என்றார் பெருமையாக. "அவதான் எல்லாம் செய்தவ. எனக்கு லீவு கிடைக்கேல்லை. தான் ஒரு நாள் லீவு எடுத்து, படிவம் நிரப்பி, என்னட்டைக் கையெழுத்து வாங்கி, ரெயினில கெல்சென்கிர்ச்சன் போய்ப் பதிஞ்சுகொண்டு வந்தவ." கோப்பைத் திறந்தார். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நிறத் துண்டு ஒட்டி, அக்காவின் அச்சுப்போன்ற எழுத்தில் வாடகை, காப்புறுதி, வைத்தியர் என்று எழுதியிருந்தது. பதிவுக் கடதாசியைக் கண்டுபிடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. அக்கா நிரப்பிய படிவத்தின் பிரதியும் பின்னால் இணைத்திருந்தது.

படிவத்தில் மூன்று கட்டங்கள். முதன்மை வீடு, இரண்டாவது வீடு, ஒரே வீடு. பெருக்கல் குறி போன்ற புள்ளடி மூன்றாவதில் இருந்தது. முந்தைய முகவரியிலிருந்து வெளியேறிவிட்டாரா என்று ஒரு கேள்வி. ஆம் என்பதற்கும் புள்ளடி.

தவறிப் போட்டிருப்பார் என்று நினைக்கத்தான் நான் முதலில் பார்த்தேன். ஆனால் அந்த அக்கா தவறிப் போடுகிற ஆள் இல்லை. மணம் முடித்துச் சேர்ந்து வாழ்கிறவருக்குக் குடும்பம் இருக்கிற வீடுதான் முதன்மை வீடு என்று அந்தப் படிவத்தின் குறிப்பிலேயே எழுதியிருக்கிறது. அந்த வரிக்குக் கீழே பென்சிலால் மெல்லியதாக ஒரு கோடு இழுக்கப்பட்டிருந்தது. கீழே அண்ணையின் கையெழுத்து. பதினைந்து மாதமாக, கடதாசியின்படி, இந்த மனிதர் தன் வீட்டில் இல்லை. சனி ஞாயிறுகளில் அங்கே விருந்தாளி.

"என்ன தங்கச்சி, கடதாசியில ஏதும் பிழையோ?"

எனக்கு அக்காவின் மேல் கோபம் வந்தது. என்னிடம் அனுப்பினது இதற்காகத்தான். தான் சொல்ல வேண்டியதை என் வாயால் சொல்லவைக்கப் பார்த்திருக்கிறார். நண்டுக் கறி சமைத்துத் தந்த கை அது, ஆனாலும் கோபம் வந்தது. நான் புள்ளடியைக் காட்டி, அதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு அலுவலகக்காரி சொல்வது போல ஒழுங்காகச் சொன்னேன். வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் கட்டத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு கைபேசியை எடுத்து, மேசையில் வைத்து, எனக்கும் கேட்கிற மாதிரி அக்காவை அழைத்தார். நான் எழும்பப் போனேன். இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"நீயோ உதில புள்ளடி போட்டனி?"

"ஓம்" என்றது அக்காவின் குரல். பின்னால் தண்ணீர்க் குழாய் ஓடும் சத்தம். "நான்தான் போட்டனான்."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை."

"உங்கட கையிலதானே தந்தனான். வாசிச்சுப் பாருங்கோ எண்டும் சொன்னனான். என்ன சொன்னனீங்கள்?"

அண்ணை கைபேசியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எனக்கு ஏலாது, நீ வாசிச்சால் காணும் எண்டு சொன்னீங்கள். இருபத்தாறு வருசமா அதைத்தான் சொல்லுறியள். பிள்ளையளின்ர பள்ளிக்கூடக் கடிதத்துக்கும் அதுதான், எனக்கு வயித்தில ஒப்பரேசன் செய்யேக்க வந்த கடிதத்துக்கும் அதுதான். இதை வாசிச்சிட்டு, ஏனடியப்பா இப்பிடிப் போட்டனி எண்டு ஒருக்காக் கேப்பியள் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான். கேட்டிருந்தால் அதிலயே கிழிச்சுப் போட்டிருப்பன். நீங்கள் டிவியைப் பாத்துக்கொண்டு கையெழுத்து வைச்சனீங்கள்."

குழாய்ச் சத்தம் நின்றது. அழைப்பும் நின்றது.

தேநீர் ஊற்றினேன். அவர் குடிக்கவில்லை. இனி என்ன செய்யலாம் என்று கேட்டார். இரண்டு வழி என்றேன். நகரசபையில் ஒரு டெர்மின், அதாவது சந்திக்க ஒரு நேரம், எடுத்து, பதிவு பிழை, இரண்டு பேரும் சேர்ந்துதான் இருக்கிறோம் என்று மாற்றலாம். அதற்கு அக்கா ஒத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அறையைத் தன் வீடாக ஏற்றுக்கொண்டு, கட்டணப் படிவத்தை நிரப்பி, காசைக் கட்டலாம். அதற்கு ஒருவரும் ஒத்துக்கொள்ளத் தேவையில்லை.

"பிறகு நான் வீட்டைத் திரும்பிப் போனால், இதை என்னெண்டு நிப்பாட்டுறது?"

"அக்காவோட இருக்கிறன் எண்டு எழுதி, அவவின்ர கட்டண இலக்கத்தைப் போடவேணும்."

"அவ இலக்கத்தைத் தருவாவோ?"

"அது எனக்குத் தெரியாதண்ணை" என்றேன். உண்மையும் அதுதான். மனிதர் பரிதாபமாக இருந்தார், ஆனால் எனக்கு அவர் மேல் வந்த இரக்கம் முழு இரக்கமாக வரவில்லை. என் வீட்டிலும் எல்லாக் கடிதத்தையும் உடைப்பவள் நான்தான்.

படிவத்தை இழுத்து எழுதத் தொடங்கினேன். அவர் என் கையிலிருந்து பேனையை வாங்கிக்கொண்டார். கைபேசியில் அகராதியைத் திறந்து, முதல் வரியிலிருந்து வாசித்தார். உதடு அசைய, ஒவ்வொரு சொல்லாக. நான் சமைத்தேன், பாத்திரம் கழுவினேன், உடுப்பு மடித்தேன். வேறு கடிதங்களோடு வந்த இரண்டு பேரைப் பிறகு வரச்சொல்லி அனுப்பினேன். வீட்டில் எத்தனை பேர் வசிக்கிறீர்கள் என்ற இடத்தில் அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு எழுதினார். இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் கையெழுத்து வைத்து, கோப்பை மூடி, தேநீரை ஆறினபடியே குடித்துவிட்டுப் போனார்.

கார்த்திகையில் தமிழ்க் கடையில் அக்காவைக் கண்டேன். முருங்கைக்காய் தெரிவுசெய்துகொண்டிருந்தார். எனக்குக் கோபம் இன்னும் அடங்கியிருக்கவில்லை, காணாத மாதிரிப் போகத்தான் பார்த்தேன். அவர்தான் வந்து மறித்தார். "உங்களை அதுக்குள்ள இழுத்தது பிழைதான், மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார். அண்ணை இப்போது வீட்டுப் பக்கம் வருவதில்லை, ஆனால் ஒவ்வொரு கிழமையும் தொலைபேசி எடுக்கிறார் என்றும் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அந்த டிவிக் காசுப் படிவம் ஆர் நிரப்பினது? நீங்களோ?"

"இல்லையக்கா. அண்ணைதான். தானே வாசிச்சு, தானே எழுதினவர்."

"முழுக்கவோ?"

"பின்பக்கத்தில இருக்கிற சின்ன எழுத்து வரைக்கும். மூண்டு மணித்தியாலம் எடுத்தவர்."

இதைக் கேட்டுச் சந்தோசப்படுவார் என்று நினைத்துத்தான் அந்த மூன்று மணித்தியாலத்தை நான் சேர்த்துச் சொன்னேன். அவர் கையிலிருந்த முருங்கைக்காயைப் பெட்டிக்குள் திரும்ப வைத்தார். முகம் சிவந்து, கண் நிறைந்துவிட்டது.

"அப்ப, அவருக்கு ஏலுமாயிருந்திருக்கு" என்றார்.