பதினொரு பேரும் தேவகுமாரியும்

மானிப்பாயில் தேவகுமாரி என்று கேட்டால் பலர் யோசிப்பார்கள். பழைய மிஷன் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்த ஜெபரட்ணத்தின் இரண்டாவது மகள் என்றால், "ஓ, அந்தச் சைக்கிள் பிள்ளையோ" என்பார்கள். நாற்பத்தொரு வயதிலும் அவருக்கு அங்கே அதுதான் பெயர்.

நான் அவரோடு ஏழு மாதம் ஒரே ஆராய்ச்சியில் வேலை செய்தேன். தொழிற்சாலைக்குத் தானியங்கி இயந்திரம் வரும்போது தொழிலாளர்கள் ஏன் அதை ஏற்கிறார்கள், ஏன் மறுக்கிறார்கள் என்று கண்டறிவதுதான் ஆராய்ச்சி. தேவகுமாரி அக்கா ஆட்களைச் சந்தித்துக் கேள்வி கேட்பார். நான் அந்தப் பதில்களைக் கணினியில் ஏற்றுவேன்.

சாவகச்சேரிக்கு அப்பால் உள்ள ஓர் ஆடைத் தொழிற்சாலைக்கு அப்போது ஆறு புதிய இயந்திரங்கள் வந்திருந்தன. காற்சட்டைக்குப் பொக்கற்றைத் தானே மடித்துத் தானே தைத்துவிடும் இயந்திரங்கள். யாரையும் வேலையால் நிறுத்தமாட்டோம் என்று நிர்வாகம் எழுதியே ஒட்டியிருந்தது. இளம் பிள்ளைகள் ஓடிப்போய்ப் பழகினார்கள். ஆனால் நன்றாகத் தைக்கக்கூடிய மூத்த பெண்கள் பதினொரு பேர் பயிற்சிக்கே வர மறுத்தார்கள்.

"பயம் மிஸ், வேறையொண்டுமில்லை. திரையைக் கண்டாலே கை நடுங்குது" என்றார் உற்பத்தி மேலாளர் கீர்த்திகன். கெட்ட மனிதர் இல்லை. அவர் அதை உண்மையாகவே நம்பினார்.

முதல் வாரம் அறுபது படிவங்கள் வந்தன. 'புதிய இயந்திரத்தை வரவேற்கிறேன்' என்ற வரிக்கு எதிரே அறுபதிலும் 'முழுமையாக உடன்படுகிறேன்'. மறுத்த பதினொரு பேரின் படிவங்களும் அதற்குள் இருந்தன. எனக்கு வேலை சுகமாக முடிந்தது. அக்கா அவற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கட்டி மூலையில் வைத்தார்.

"உதெல்லாம் பொய், நிருஷன்."

"எப்பிடியக்கா தெரியும்?"

"சுப்பவைசர் பக்கத்திலை நிண்டவ. நானெண்டாலும் உப்பிடித்தான் சொல்லியிருப்பன்."

அவர் வெறுமனே சொல்லவில்லை. இருபது வயதில் தெற்கே போய் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் ஆறு வருடம் தைத்தவர் அவர். அங்கே ஒருநாள் ஏதோ ஆய்வுக்கென்று படிவத்தோடு சிலர் வந்தார்கள். கழிப்பறைக்குப் போக விடுகிறார்களா என்ற கேள்விக்கு, விடுவதில்லை என்று உள்ளதை எழுதினார். இரகசியம் என்றுதான் சொன்னார்கள். ஒரு கிழமைக்குள் அவரைத் தையலில் இருந்து எடுத்துப் பெட்டி கட்டும் பகுதியில் விட்டார்கள். ஊருக்குத் திரும்பி, வேலை செய்துகொண்டே வெளிவாரிப் பட்டம் படித்து, அவரே படிவத்தோடு போகிறவரானபோதும் அந்தக் கிழமையை அவர் மறக்கவில்லை.

அதனால் அவர் படிவத்தை வைத்துவிட்டு பஸ் ஏறினார். உரும்பிராயில் இருந்து தொழிலாளரை ஏற்றிக்கொண்டு தொழிற்சாலை பஸ் விடியற்காலை ஐந்தே முக்காலுக்குப் புறப்படும். மானிப்பாயில் இருந்து அதுவரை சைக்கிள். இரண்டு கிழமை அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பிள்ளைகளின் பள்ளிக்கூடம், கிணற்றுத் தண்ணீர், யாருடைய மகளுக்குச் சடங்கு என்று கதைத்துக்கொண்டே போனார். ஆராய்ச்சியை நடத்திய பேராசிரியர் கிறிஸ்துநாயகம் தொலைபேசியில் நாட்களை எண்ணத் தொடங்கினார்.

மூன்றாம் கிழமை, பொக்கற் தைப்பதில் அந்தத் தொழிற்சாலையிலேயே வேகமானவர் என்று பெயரெடுத்த அருமைநாயகி, தன் பக்கத்து ஆசனத்தில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்தார்.

"இதிலை இரும் பிள்ளை. கொப்பியை மூடும், சொல்லுறன்."

அக்கா மடியில் இருந்த குறிப்புக் கொப்பியை மூடினார்.

"எனக்கு மெசினிலை பயமில்லை. உந்த மெசினை நிண்டுகொண்டுதான் ஓட்டவேணும். என்ரை முழங்காலுக்குள்ளை சண்டை நேரம் பட்ட செல் துண்டு கிடக்குது. இருந்து தைச்சா ஒருத்தருக்கும் தெரியாது. பொழுது முழுக்க நிண்டா கால் வீங்கிப்போம்."

"அதை அவையளுக்குச் சொன்னா என்னக்கா?"

"வேலைக்குச் சேரேக்கை உடம்பிலை காயமொண்டும் இல்லையெண்டு கையெழுத்து வைச்சனான். பயந்தவள் எண்டு சொல்லட்டும். வேலை இருக்குமெல்லோ."

அதன் பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். பதினொரு பேரில் ஏழு பேருக்குக் காலிலோ இடுப்பிலோ போர்க்காலத்துக் காயம். மூவருக்கு நரம்பு சுருண்ட கால்கள். நல்லம்மா என்பவர் மட்டும், பன்னிரண்டு வருடமாகப் பக்கத்தில் இருந்து தைக்கும் சிநேகிதியை விட்டு விலகமாட்டேன் என்றார். அதையும் அக்கா அதே மரியாதையோடு எழுதிக்கொண்டார். பெயர் எழுதவில்லை, இலக்கம் மட்டும். அந்தப் பெண்களுக்கு இங்கே உள்ள பெயர்களும் நான் வைத்தவை.

செய்தி கசிந்தது. கீர்த்திகன் அக்காவை அறைக்கு அழைத்தார்.

"காரணம் தெரியுமெண்டு கேள்விப்பட்டன். ஆர் ஆர் என்ன சொன்னவையெண்டு பட்டியலைத் தாங்கோ, மிஸ். நான் நல்லதுக்குத்தான் கேக்கிறன்."

"நல்லதுக்கெண்டு எனக்குத் தெரியும் தம்பி. ஆனாத் தரமாட்டன்."

அன்று மாலையே பேராசிரியர் அழைத்தார். தரவைப் பகிர்வதாகத் தொழிற்சாலையோடு உடன்பாடு இருக்கிறது, அவர்கள் அனுமதியை இரத்துச் செய்தால் முழு ஆராய்ச்சியும் நின்றுவிடும் என்றார். அக்கா நின்ற இடத்தில் நின்றே கேட்டார். "வாக்குக் குடுத்திட்டன் சேர். வேணுமெண்டா என்னை நிப்பாட்டுங்கோ" என்றார். நான் பக்கத்தில் இருந்தேன். பேராசிரியர் திரும்பக் கேட்டபோதும் சொல் மாறவில்லை.

ஆனால் மறுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர் அல்ல அவர். உண்மையைச் சொன்னால் அந்தப் பெண்கள் அகப்படுவார்கள். சொல்லாவிட்டால் பயந்தவர்கள் என்றே பதிவாகும். அடுத்த நாள் தனக்கு அந்த இயந்திரத்தில் மூன்று நாள் பயிற்சி தரும்படி கேட்டார். ஆராய்ச்சிக்கு என்றதும் கீர்த்திகன் சம்மதித்தார்.

காயமே இல்லாத அக்காவுக்கு முதல் நாள் மத்தியானமே குதிக்கால் எரிந்தது. இரண்டாம் நாள், பக்கத்து இயந்திரத்தில் நின்ற இருபத்துமூன்று வயது மதுஷாவிடம் கேட்டார்.

"உமக்கு நோகேல்லையோ?"

"நோகுது அக்கா. புது மெசினைக் கேட்டு வாங்கினனாங்கள், பிறகு என்னெண்டு முறையிடுறது?"

வழி அங்கேதான் கிடைத்தது. இயந்திரத்தை விரும்பி ஏற்ற பிள்ளைகள் ஒன்பது பேர், கதிரையில் இருந்து வேலை செய்ய வசதி வேண்டும் என்று தங்கள் பெயரில் எழுதிக் கொடுத்தார்கள். மறுத்தவர்களைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. கடிதத்தைப் படித்த கீர்த்திகன், நின்று ஓட்டும் வகையில்தான் இயந்திரத்தை வடிவமைத்திருக்கிறார்கள் என்றார்.

"ஒருநாள் நீங்கள் நிண்டு பாருங்கோ தம்பி."

அவர் ரோசக்காரர். நின்றார். பின்னேரம் மூன்று மணிக்குச் சுவரில் சாய்ந்தபடி கொழும்பில் இருந்த தொழில்நுட்பவியலாளரை அழைத்து, இருந்தபடி ஓட்டுவதற்குக் கால்மிதியை எடுத்துவிட்டுக் கைப்பொத்தான் வைக்கலாமா என்று கேட்டார். வைக்கலாமாம். அதுவரை அப்படி ஒருவரும் கேட்கவில்லையாம். சாவகச்சேரியில் ஓர் இரும்பு ஒட்டு வேலைக்காரர் கால் வைக்கும் தட்டோடு உயரமான கதிரைகள் செய்து கொடுத்தார். இரண்டு இயந்திரங்களை மாற்ற முடியவில்லை. நான்கை மாற்றினார்கள்.

ஒரு மாதத்தில் எட்டுப் பேர் பயிற்சிக்கு வந்தார்கள். ஏன் வந்தார்கள் என்று கீர்த்திகன் கேட்கவில்லை. அவருக்கு விளங்கியிருக்கும் என்றே நினைக்கிறேன். இருவர் பழைய இயந்திரத்திலேயே இருந்துவிட்டார்கள். நல்லம்மா அசையவே இல்லை.

பேராசிரியரின் அறிக்கையில் இவ்வளவும் ஒரே பந்தியாக வந்தது. அறுபது படிவங்களை ஒதுக்கியதால் புள்ளிவிபர முடிவுகள் பலவீனமாகின என்று இன்னொரு பந்தி. அக்காவின் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. அவர் என்னிடம் அதைப் பற்றி ஒருமுறைதான் கதைத்தார். "பேராசிரியர் பிழையான ஆளில்லை நிருஷன், அவருக்குப் படிவம் முக்கியம்" என்றார். இப்போது மீன் பதப்படுத்தும் தொழிற்சாலைகளில் வேறொரு குழுவுக்காக வேலை செய்கிறார். பெயர் எவருக்கும் கொடுக்கப்படாது என்று முதலில் எழுத்தில் வாங்கிக்கொண்டே சேர்ந்தார்.

போன மாதம் தொடர் ஆய்வுக்காக அந்தத் தொழிற்சாலைக்கு முதல்முறையாக நான் போனேன். அருமைநாயகி இரண்டு புதுப் பிள்ளைகளுக்கு இயந்திரம் பழக்கிக்கொண்டிருந்தார். என் கையில் இருந்த படிவத்தைக் கண்டதும் முகம் இறுகியது.

"ஆர் அனுப்பினது உம்மை?"

"தேவகுமாரியக்காவோடை வேலை செய்தனான்."

அவர் பிள்ளைகளைத் தேநீருக்கு அனுப்பிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப கேளும்" என்றார்.