வேகாத மண்ணில் நாற்பது தட்டு

நாற்றுப் பண்ணையில் அவளை எல்லோரும் ஆவியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக வருகிறவர்கள் ஒரு கணம் திகைப்பார்கள். "பயப்படாதீங்க, நான் உயிரோடதான் இருக்கேன்" என்று அவளே சிரிப்பாள். மண்ணைக் கொதிகலன் ஆவியில் வேகவைப்பது அவள் வேலை. களை விதையும் நோய்க்கிருமியும் செத்த பிறகுதான் அந்த மண் குழித்தட்டுகளுக்குப் போகும். குழிக்கு ஒரு மிளகாய் விதை.

அதற்குமுன் நூற்பாலையில் இருந்தாள். பஞ்சுத் தூசி ஒத்துக்கொள்ளாமல் இருமி இருமி வேலையை விட்டாள். நாற்பத்தாறு வயதில் யாரும் சேர்த்துக்கொள்ளாதபோது, பண்ணைக்கார அம்மா மறுபேச்சில்லாமல் சேர்த்துக்கொண்டார். அந்த நன்றியில் ஆறு வருடமாக ஒருநாள்கூட அவள் தாமதமாக வந்ததில்லை.

ஒரு வருடம், விதைப்பின் கடைசி நாளில் கொதிகலன் படுத்துவிட்டது. நாற்பது தட்டுகள் பாக்கி. பண்ணைக்கார அம்மா வெளியூரில் இருந்தார். கொட்டகைக்குப் பின்னால், யாரும் தண்ணீர் ஊற்றாமலே புதர்கள் பச்சையாக நின்றன. ஆவியக்கா அவற்றின் அடிமண்ணை அள்ளிச் சலித்துத் தட்டுகளை நிரப்பிவிட்டாள். மறுநாள் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள், வாய் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

ஐந்து வாரம் கழித்து, வெயில் கொளுத்திய நேரத்தில் தண்ணீர் மோட்டார் எரிந்துபோனது. மூன்று நாள், குடத்தில் சுமந்து வந்த தண்ணீரைத் தெளித்துத்தான் ஒப்பேற்றினார்கள். கூடாரம் முழுக்க நாற்றுகள் தலை தொங்கிவிட்டன. அந்த நாற்பது தட்டுகள் மட்டும் இலை சோர்ந்தாலும் தண்டு மடங்காமல் நின்றன. தண்ணீர் வந்த அன்றே தெளிந்தன. மற்றவற்றில் பாதி எழுந்திருக்கவே இல்லை.

"இதுக்கு மட்டும் என்ன மருந்து போட்டீங்க?" என்றார் பண்ணைக்கார அம்மா.

"மருந்து இல்லம்மா, தப்புதான் பண்ணேன்" என்று ஆரம்பித்தவள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். "என்னை நிறுத்திட்டாலும் நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

அவர் இரண்டு நாற்றுகளைப் பிடுங்கி ஈரத்துணியில் சுற்றி, அவளையும் ஏற்றிக்கொண்டு மண் பரிசோதனைக் கூடத்துக்கு வண்டியை விட்டார்.

அங்கே இருந்த பெண் வேருக்குச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் காட்டினாள். வேருக்குள்ளும் வெளியிலும் நீல நீலமாக மெல்லிய இழைகள்.

"இது பூஞ்சைக்கா. வேர் நுழைய முடியாத இடுக்குலகூட இது நுழைஞ்சு தண்ணியும் சத்தும் கொண்டுவந்து குடுக்கும். பதிலுக்குச் செடி இதுக்குச் சாப்பாடு போடும். நீங்க வேகவைக்கிறப்போ கெட்டதோட இந்த நல்லதும் செத்துடுது." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா சும்மா எந்த மண்ணையும் அள்ளிப் போட்டுடாதீங்க. நோய் இருந்திருந்தா நாற்பது தட்டும் காலி" என்றாள்.

திரும்பும் வழியில் பண்ணைக்கார அம்மா, "போட்டதுக்குக் கோபமில்ல. சொல்லாம விட்டீங்க பாருங்க, அதுக்குத்தான்" என்றார். ஆவியக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது பரிசோதித்த பூஞ்சையைத் தொட்டிகளில் மக்காச்சோள வேரோடு வளர்க்கிறார்கள். வெந்து ஆறிய மண்ணில் அதைக் கலந்த பிறகே விதை விழுகிறது. அந்தத் தொட்டிகள் ஆவியக்காவின் பொறுப்பு.

போன கோடையில் ஒரு விவசாயி தொலைபேசியில் அவளைக் கூப்பிட்டுப் பேசினார். "வாய்க்கால்ல பத்து நாள் தண்ணியில்லம்மா. உங்க நாத்து தாங்கிடுச்சு. நல்லா இருப்பீங்க."

அவள் ஓடிப்போய்ச் சொன்னாள்: "அம்மா, உங்களுக்குத்தான் நன்றி சொல்றாங்க."

"எனக்கெதுக்கு? முன்னாடியே என்கிட்ட யார் வளர்த்ததுன்னு கேட்டாரு, உங்களைத்தான் சொன்னேன்" என்றார் பண்ணைக்கார அம்மா.